பானைத் தண்ணீர் குளிராத நாள்களில்: மருத்துவர் பதில்

கேள்வி: சென்னையில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். சேலத்தில் இருக்கும் என் அக்காவின் பேச்சைக் கேட்டுப் போன மாதம் ஏர்கூலர் வாங்கினோம். அக்கா வீட்டில் அது நன்றாகக் குளிர்கிறது. இங்கோ அறை முழுக்கப் பிசுபிசுப்பாகிறதே தவிரக் குளிர்ச்சியைக் காணோம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் 71 வயது மாமனாருக்குக் காலையில் எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறது. கணவர் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருப்பதால் பகல் முழுவதும் வண்டியில் அலைகிறார். ஆறு வயது மகளுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. ஏசி போட இப்போதைக்கு வசதியில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?
(வாசகி, சென்னை)

பதில்: உங்கள் அக்கா சொன்னதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அது சேலத்துக்குப் பொருந்துகிற உண்மை. ஏர்கூலர் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியாதலில் காற்றின் வெப்பத்தைக் குறைக்கிற கருவி. சேலம், வேலூர் போன்ற உள்மாவட்டங்களில் கோடைப் பகல் காற்று வறண்டிருப்பதால் அது ஈரத்தை ஆவலோடு வாங்கிக்கொள்ளும். கடலோரச் சென்னையின் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. அதில் மேலும் ஈரத்தை ஏற்றினால் குளிர்ச்சி கிடைப்பதில்லை, புழுக்கம்தான் கூடும். நானும் மருத்துவம் படித்துவிட்டே ஒரு கூலரை வாங்கி இரண்டு கோடை அதனோடு மல்லுக்கட்டியவன் என்பதால், உங்கள் ஏமாற்றம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

மண்பானையை எண்ணிப் பாருங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாவதால்தான் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. புழுக்கம் மிகுந்த நாளில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராததை நீங்களே கவனித்திருப்பீர்கள். நம் உடலும் அந்தப் பானையைப் போலத்தான் வேலை செய்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேலேயே ஆவியானால் உடலிலிருந்து ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் ஆவியாகாமல் முதுகில் வழிந்து சட்டையை நனைத்துச் சொட்டினால், உடலிலிருந்து தண்ணீரும் உப்பும் போயிருக்கும், வெப்பம் மட்டும் உள்ளேயே தங்கிவிடும். கடலோரக் கோடையில் நாம் படும் இரட்டை நட்டம் இதுதான். இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையை அறிவிக்கும் அளவுகோலிலும் இந்த வேறுபாடு இருக்கிறது: சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அந்தப் பேச்சே எழும், கடலோரத்தில் 37 டிகிரியை எட்டி, அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால் வெப்ப அலைதான்.

எனவே, நீங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் 'இதனால் வியர்வை உலருமா, உலராதா' என்று கேட்டுப் பாருங்கள். செய்தித்தாளில் வரும் வெப்பநிலையைவிட இந்தக் கேள்வி உங்களுக்கு அதிகம் உதவும்.

முதலில் வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் ஈரத்தைக் குறைக்க வேண்டும். சன்னலில் ஈரத்துணி கட்டுவது, வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது, பகலில் தரையை மீண்டும் மீண்டும் ஈரமாகத் துடைப்பது ஆகிய எல்லாம் வறண்ட ஊர்களின் வைத்தியங்கள். சென்னையில் அவை உங்கள் கூலர் செய்ததையே செய்யும். துவைத்த துணிகளை அறைக்குள் உலர்த்தாதீர்கள். சோறு வடிக்கும் ஆவியும் இட்லிக் கொப்பரையின் ஆவியும் படுக்கையறை வரை வராதிருக்க, சமையலைக் காலை 8 மணிக்குள் முடித்துக்கொண்டு, அடுப்பு எரியும் நேரத்தில் காற்று வெளியேற்றும் விசிறியை ஓடவிட்டு அடுக்களைக் கதவைச் சாத்தி வைப்பது நல்லது.

சன்னல்களைப் பொறுத்தவரை, 'பகல் முழுவதும் சாத்தி வையுங்கள்' என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை சென்னைக்கு முழுமையாகப் பொருந்தாது. முற்பகலில் மேற்கிலிருந்து நிலக்காற்று அனலாக வீசும்போது மேற்குச் சன்னல்களைச் சாத்தித் திரை போடுங்கள். நண்பகலை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னோ கிழக்கிலிருந்து கடல் காற்று இறங்கும். தெருவில் காயும் துணிகள் சட்டென்று திசை மாறி ஆடுவதிலிருந்தே அதைத் தெரிந்துகொள்ளலாம். அப்போது கிழக்கு, தென்கிழக்குச் சன்னல்களையும் அவற்றுக்கு எதிர்ப்புறமுள்ள ஒரு கதவையும் திறந்து காற்றுக்கு வழிவிடுங்கள். மே கடைசியிலும் சூனிலும் மேற்குக் காற்று வலுத்துக் கடல் காற்று பிந்துகிற நாள்களே நகரம் கொதிக்கிற நாள்கள். மாமனாரை மிகவும் கவனிக்க வேண்டிய நாள்களும் அவையே.

மேல்தளத்தில் குடியிருப்போருக்குப் பகலைவிட இரவே கொடுமையானது. காங்கிரீட் தளம் பகல் முழுவதும் குடித்த வெயிலை நள்ளிரவு வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். வீட்டு உரிமையாளரிடம் பேசி, மொட்டை மாடிக்குச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ அடிக்கச் சொல்லுங்கள். பெரிய செலவில்லாமல் கீழறையின் வெப்பம் சில டிகிரி குறையும், அவருடைய தளத்துக்கும் அது பாதுகாப்பு. பலர் மாலையில் வாளி வாளியாக மாடியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதில் பயன் இல்லாமலில்லை, ஆனால் கோடையில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? உரிமையாளர் அனுமதித்தால் இரவில் மாடியில் பாய் விரித்துப் படுப்பது இன்றும் நல்ல வழிதான்; கைப்பிடிச் சுவரும் கொசுவலையும் இருக்க வேண்டும்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அகற்றி வியர்வையை உலரச் செய்கிறது. அதனால் ஆளில்லாத அறையில் அதை ஓடவிடுவதில் பொருளில்லை, ஆள் இருக்கும் இடத்தில் உடலின் மேல் காற்று நேராகப் படவேண்டும். ஆனால் அறையின் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி அனலை வாரி உடலின் மேல் வீசுகிறது; முதியவர்களுக்கு 38 டிகிரியை நெருங்கும்போதே விசிறியை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. அந்த வேளைகளில் கைகளை முழங்கை வரைக்கும், கால்களைக் கணுக்காலுக்கு மேல் வரைக்கும் ஒரு வாளிக் குளிர்ந்த நீரில் 15 நிமிடம் அமிழ்த்தி வைக்கச் சொல்லுங்கள். காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் இது பலன் தரும்; ஏனெனில் இங்கே வெப்பத்தை எடுப்பது ஆவியாதல் அல்ல, நேராக அந்தத் தண்ணீரே. மேல்நிலைத் தொட்டியின் குழாய்நீர் பகலில் கொதிக்கும் என்பதால், அதிகாலையிலேயே இரண்டு வாளி பிடித்து நிழலில் மூடி வையுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்படுத்திய வரிக்கு வருகிறேன். மாமனாருக்கு எழும்போது வரும் தலைச்சுற்றலை 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் பல, சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்யும் மருந்தையும் சேர்த்தே வருகின்றன. மாத்திரை ஒருபக்கம், வியர்வை ஒருபக்கம் என இரண்டும் சேர்ந்து நீரையும் உப்பையும் வெளியேற்றும்போது, படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும்; விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் போய், உட்கார்ந்தும் நின்றும் இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தேவையானால் கோடைக்கு அளவைக் குறைத்துத் தருவார். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றின் பரிசோதனையையும் கேட்டுப் பாருங்கள். அதுவரை, விழித்ததும் கட்டிலின் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டே எழட்டும்.

முதியவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும். போதாததற்கு, இரவில் சிறுநீருக்கு எழ வேண்டுமே என்று பலர் மாலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். எனவே 'தாகமாக இருக்கிறதா' என்று கேட்காமல், காலை முதல் மாலை 6 மணி வரை மணிக்கொரு தம்ளர் என்று கையில் கொடுத்துவிடுங்கள். இதயம் பலவீனமாகவோ சிறுநீரகம் பழுதாகவோ இருப்பவர்களுக்கு மட்டும் எவ்வளவு தண்ணீர் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீர்மோரும் நீராகாரமும் அருமையான பானங்கள். மாமனாருக்கு உப்பைச் சிட்டிகையோடு நிறுத்துங்கள். இளநீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில வகை ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக்கூடாது. மற்றவர்களுக்கு நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, தர்பூசணி எதற்கும் தடையில்லை.

உங்கள் கணவரின் நிலை வேறு. அவர் உடல் வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள்கள் ஆகும். ஊருக்குப் போய் ஒரு வாரம் நிழலில் இருந்துவிட்டுத் திரும்பிய முதல் சில நாள்களில் முழு நேரமும் ஓடக்கூடாது. தாகம் எடுத்தபின் ஒரேயடியாக ஒரு பாட்டிலைக் கவிழ்ப்பதைவிட, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் அளவு குடிப்பதே உடலில் தங்கும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். சட்டையில் வெள்ளை உப்புப்பூக்கும் அளவுக்கு வியர்க்கிற நாள்களில் ஓஆர்எஸ் எனும் உப்புச் சர்க்கரைப் பொடி ஒரு பொட்டலத்தை, அதன் உறையில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து எடுத்துப் போகட்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கிக்கொள்ளலாம். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் குடிக்கிறார் என்று பொருள். கருமஞ்சளாகி எரிச்சலும் வந்தால் போதவில்லை. கழிப்பறை கிடைக்காதே என்று தண்ணீரைத் தவிர்ப்பது வெளியில் வேலை செய்யும் எல்லோருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, உள்ள பழக்கம். இதற்கு மருத்துவர் எழுதித் தரக்கூடிய மருந்து எதுவும் இல்லை, கழிப்பறைதான் மருந்து. சென்னை மாநகராட்சி 2025இல் உங்கள் கணவரைப் போன்ற தொழிலாளர்களுக்கென்று குளிர்வசதியுள்ள ஓய்வறைகளைத் திறந்திருக்கிறது. அவர் ஓடும் வட்டாரத்தில் ஒன்று இருக்கிறதா என்று விசாரித்து, 12 முதல் 3 மணி வரையிலான வேளையில் அரைமணி நேரமாவது அங்கே இருக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் செயற்கை இழைச் சட்டைக்கு உள்ளே இன்னொரு பனியன் வேண்டாம். நிற்கும் இடங்களில் தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைக் காற்றாட விடட்டும்.

தசைப்பிடிப்பு, தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் அவர் அன்றைய வேலையை அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதையும் மீறிப் பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத் தாக்கு; உடல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 'வியர்க்கிறதே, அதனால் வெப்பத் தாக்காக இருக்காது' என்று எண்ண வேண்டாம். உழைக்கும்போது தாக்குகிற வகையில் உடல் வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். 108க்கு அழைத்துவிட்டு வண்டி வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, தலைமுதல் கால்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். உயிரைக் காப்பது அந்த முதல் அரைமணி நேரக் குளிர்விப்புதான். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

மகளின் வேர்க்குரு, வியர்வைக் குழாயின் வாய் அடைபடுவதால் வருவது. பவுடரை அப்பினால் அடைப்பு கூடும். எண்ணெய் தடவினாலும் அப்படியே. நாளுக்கு இரண்டு முறை சாதாரணத் தண்ணீரில் குளிக்க வைத்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை போட்டு விசிறிக்கு நேரே விளையாட விடுங்கள். அரிப்புக்குக் கேலமைன் பூசலாம். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ நேரில் காட்டுங்கள்.

அந்தக் கூலரைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளாவிட்டால், தண்ணீர் ஊற்றாமலேயே கிழக்குச் சன்னலின் அருகே வைத்துக் கடல் காற்று நேரத்தில் ஓடவிடுங்கள். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் நல்ல விசிறியாக உழைக்கும். கூலரின் பக்கங்களில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் திண்டை அதற்கு முன் கழற்றி வெயிலில் காயவைத்துவிடுங்கள். அடித்தொட்டியில் ஒரு விரற்கடைத் தண்ணீர்கூடத் தங்கவேண்டாம், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும்.