உலகப் போக்கர் தொடரில் ஜெயிப்பவர்கள் திறமைசாலிகளா, அதிர்ஷ்டசாலிகளா? முடிவுகள் என்ன சொல்கின்றன?

கேள்வி கேட்ட நண்பர் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்டின் சாம்பியன் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். வருடா வருடம் புதுப் பெயர் வருகிறது, ஒருமுறை ஜெயித்தவர் மறுபடி ஜெயிப்பதே இல்லை, அப்படியென்றால் இது லாட்டரிதானே என்பது அவர் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். எனக்கும் முதலில் இதே சந்தேகம் இருந்தது.

நான் போக்கர் ஆடுபவன் இல்லை. பணம் வைத்து ஒரு கை கூட ஆடியதில்லை. ஆனால் பதினைந்து வருடமாக ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் இந்தத் தொடரின் முடிவுகளை வரி விடாமல் படிக்கிறேன். லாஸ் வேகஸில் மாலை ஆறு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஆறரை. கடைசியாக மிஞ்சும் சிலர் ஒரே மேசையில் ஆடும் ‘கடைசி மேசை’ ஆட்டத்தைக் காபியோடு பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புவது பழக்கமாகிவிட்டது.

என் பதில் இதுதான்: ஆட்டத்தில் திறமை நிச்சயம் இருக்கிறது, ஆனால் நீங்கள் அதைத் தேடிய இடம் தப்பு. இந்தத் தொடரின் முடிவுகளிலேயே திறமை மிகக் குறைவாகத் தெரியும் இடம் மெயின் ஈவென்ட் சாம்பியன் பட்டியல்தான்.

எங்கள் வீட்டில் தீபாவளி இரவு ரம்மி நடக்கும். சித்தப்பா ஒரு நோட்டில் பாயின்ட் எழுதி வைப்பார். ஒரு ராத்திரியில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். ஒரு வருடம், ஜோக்கர் எதற்கென்றே சரியாகத் தெரியாத அத்தை பையன் எல்லோரையும் தோற்கடித்தான். ஆனால் பல வருடத்து நோட்டைக் கூட்டிப் பார்த்தால் மிகக் குறைந்த பாயின்ட் பாட்டிக்கும் பெரிய மாமாவுக்கும்தான் இருக்கும். போக்கர் தொடரையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

சரி, சாம்பியன் பட்டியல் ஏன் இப்படி இருக்கிறது? தொடர் 1970இல், லாஸ் வேகஸில் பென்னி பினியன் நடத்திய ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் தொடங்கியது. வந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள். முதல் வருடம் சாம்பியனை வாக்கெடுத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஜானி மாஸ் ஜெயித்தார். அடுத்த வருடத்திலிருந்து, எல்லோரும் ஒரே அளவு சிப்போடு (பந்தயம் வைக்கும் வில்லைகள்) உட்கார்ந்து, சிப் தீர்ந்தவர் எழுந்து போக, கடைசியில் மிஞ்சுபவரே சாம்பியன் என்று ஆனது. 1972இல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர் ஆனது. இன்றும் அதேதான், ஒரு டாலர் கூட ஏறவில்லை.

அந்தக் காலத்துப் பட்டியலில் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். 1971, 1974 ஜானி மாஸ். 1976, 1977 டாயில் பிரன்சன். 1980, 1981 ஸ்டூ உங்கர். 1987, 1988 ஜானி சான். உங்கர் 1997இல் மூன்றாவது முறையாக ஜெயித்தார். அதன் பிறகு 2025 வரை, ஏற்கெனவே மெயின் ஈவென்ட் ஜெயித்த ஒருவர் கூட அதை மறுபடி ஜெயிக்கவில்லை.

திறமை தேய்ந்து போய்விட்டதா? இல்லை, கூட்டம் பெருத்துவிட்டது. 1980இல் ஆடியவர்கள் 73 பேர். 1997இல் 312. 2003இல் 839. 2006இல் 8,773. 2024இல் 10,112. உங்களிடம் சராசரி ஆட்டக்காரரைப் போலப் பத்து மடங்கு வாய்ப்பு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பேரில் அது ஆயிரத்தில் ஒன்று. நாற்பது வருடம் தவறாமல் போய் ஆடினாலும் ஒருமுறை ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குதான். அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரே பெயர் திரும்ப வரவில்லை என்பதை வைத்துத் திறமை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கையில் ஏஸ் ஜோடி, எதிரியிடம் கிங் ஜோடி. இதைவிட நல்ல நிலைமை அபூர்வம். அப்போதும் ஏஸ் ஜெயிப்பது நூற்றுக்கு ஏறக்குறைய 82 தடவைதான். மொத்தச் சிப்பையும் வைத்து இதே நிலைமையில் ஐந்து தடவை மோதினால், ஐந்திலும் தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 37. ஒரு தப்பும் செய்யாமல் ஆடியவர் வெளியே போவது இப்படித்தான்.

கூட்டம் பெருத்ததற்கு முக்கியக் காரணம் 2003. டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதிச் சுற்று ஆடி, அதில் ஜெயித்து மெயின் ஈவென்டில் நுழைந்து, 25 லட்சம் டாலரோடு திரும்பினார். கடைசி இருவராக அவரும் சாம் ஃபர்ஹாவும் இருந்தபோது நடந்த ஒரு கையை இன்னும் எல்லோரும் பேசுகிறார்கள். மணிமேக்கரிடம் கிங், ஏழு. இருவருக்கும் பொதுவாக மேசையில் விழுந்தவை ஒன்பது, இரண்டு, ஆறு, எட்டு, மூன்று. அவர் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. கையில் ஒரு ஜோடி கூட இல்லை. மொத்தச் சிப்பையும் நடுவில் தள்ளினார். இரண்டு ஒன்பதை ஜோடியாக வைத்திருந்த ஃபர்ஹா யோசித்து யோசித்து அந்தக் கையை விட்டுக்கொடுத்துவிட்டார். ஆட்டக்காரரின் சீட்டைக் காட்டும் கேமரா மேசையில் இருந்ததால், பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது வெறும் கை என்று தெரிந்தது. எதிரிக்கு மட்டும் தெரியவில்லை. நம்மைப் போன்ற ஆள் ஒருவன் ஜெயித்துவிட்டான் என்ற செய்திதான் அடுத்த மூன்று வருடத்தில் கூட்டத்தைப் பத்து மடங்காக்கியது.

எல்லோரும் 2003 முடிவில் முதல் வரியைப் படிப்பார்கள். நான் மூன்றாவது வரியைப் படிக்கச் சொல்வேன். அங்கே டான் ஹாரிங்டன். 839 பேரில் மூன்றாமிடம். அடுத்த வருடம் 2,576 பேர் வந்தார்கள். அதில் நான்காமிடம், அதே ஹாரிங்டன். அவர் 1995 சாம்பியனும் கூட. குருட்டு அதிர்ஷ்டத்தால் இப்படி இரண்டு வருடம் அடுத்தடுத்து நடக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம்.

மார்க் நியூஹவுஸ் கதை இன்னும் ஆச்சரியம். 2013இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரில் ஒன்பதாமிடம். 2014இல் மறுபடி ஆறாயிரத்துக்கு மேல், மறுபடி ஒன்பதாமிடம். இரண்டு தடவையும் கடைசி மேசையில் முதலில் எழுந்து போனவர் அவர்தான். அங்கே வந்து சேர்ந்த இரண்டு பயணமும் திறமை, அங்கிருந்து எழுந்த விதத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்றுதான் நான் படிக்கிறேன்.

ஹாரிங்டன் ஜெயித்த 1995 கடைசி மேசையில் பார்பரா என்ரைட்டும் இருந்தார், அங்கே உட்கார்ந்த முதல் பெண். இரண்டு எட்டை ஜோடியாக வைத்து மொத்தச் சிப்பையும் தள்ளினார். எதிரியிடம் ஆறும் மூன்றும். நூற்றுக்கு ஏறத்தாழ 80 தடவை என்ரைட் ஜெயிக்க வேண்டிய கை. ஆறும் விழுந்தது, மூன்றும் விழுந்தது, எதிரிக்கு இரண்டு ஜோடி. ஐந்தாமிடம். அதற்கப்புறம் முப்பது வருடம் அந்த மேசையில் ஒரு பெண் கூட இல்லை. 2025இல்தான் ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ் வந்து ஏழாமிடம் பிடித்தார். அந்த ஆறு, மூன்றை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம், தொடர் என்பது மெயின் ஈவென்ட் மட்டும் இல்லை. ஒரே கோடையில் நூற்றுக்கு நெருக்கமான போட்டிகள் நடக்கும். ஒவ்வொன்றிலும் ஜெயித்தவருக்குப் பணத்தோடு ஒரு பிரேஸ்லெட், நம் ஊர்க் காப்பு மாதிரி. ஆட்டக்காரர்கள் தங்களை எண்ணிக்கொள்வது அந்தக் காப்புக் கணக்கில்தான். 1989இல், 24 வயதில், ஜானி சானின் மூன்றாவது தொடர் வெற்றியைத் தடுத்து மெயின் ஈவென்ட் ஜெயித்த ஃபில் ஹெல்முத் 2023இல் தன் 17ஆவது பிரேஸ்லெட்டை வாங்கினார். இடையில் 34 வருடம். ஃபில் ஐவியிடம் 11. பிரன்சன், சான், எரிக் சைடல் மூவருக்கும் பத்துப் பத்து. இந்தியாவுக்கு முதல் பிரேஸ்லெட் 2017இல், ஜோடியாக ஆடும் போட்டியில் நிபுண் ஜாவாவும் ஆதித்ய சுஷாந்தும் ஜெயித்தபோது வந்தது.

இந்த இடத்தில் ஸ்டூ உங்கரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திறமையைப் பற்றிப் பேசும்போது பலரும் முதலில் சொல்லும் பெயர் அவர். அவருடைய முதல் ஆட்டம் போக்கர் இல்லை, ஜின் ரம்மி. நியூயார்க்கில் அவரோடு ரம்மி ஆடி ஜெயிக்க ஆளில்லை. கடைசியில் எதிரே உட்காரவே ஆள் கிடைக்காமல் போனதால்தான் போக்கர் பக்கம் வந்தார். 1980இல் கடைசி ஆளாக எதிரே இருந்தது பிரன்சன். அவரையே தோற்கடித்தார். அடுத்த வருடமும் ஜெயித்தார். பிறகு போதைப்பழக்கம் அவரைத் தின்றது. 1997இல் கட்டணம் கட்டக்கூட அவரிடம் பணம் இல்லை. பில்லி பேக்ஸ்டர் என்ற சக ஆட்டக்காரர் 10,000 டாலர் போட்டு உட்கார வைத்தார். கோகெய்னால் சிதைந்த மூக்கை மறைக்க வட்டமான நீலக் கண்ணாடி. கூடவே மகளின் புகைப்படம். அந்த வருடம் கடைசி மேசையை ஃப்ரீமான்ட் தெருவில், வெட்டவெளியில் போட்டிருந்தார்கள். உங்கர் ஜெயித்தார். முதல் பரிசு பத்து லட்சம் டாலர், பாதி பேக்ஸ்டருக்கு. மீதிப் பாதி சில மாதங்களில் கரைந்துவிட்டது. 1998இல் பேக்ஸ்டர் மறுபடி கட்டணம் கட்டியும், களைப்பாக இருக்கிறது என்று சொல்லி ஆட வரவில்லை. அந்த நவம்பரில் லாஸ் வேகஸில் ஒரு மோட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 45.

முடிவுப் பட்டியலில் 1997க்கு நேராகப் பத்து லட்சம் என்றுதான் இருக்கும். அதில் எவ்வளவு அவருடையது என்று இருக்காது. இன்றைய பட்டியல்களும் அப்படித்தான். ஒருவர் வாழ்நாளில் இத்தனை லட்சம் ஜெயித்தார் என்று போடுவார்கள். அதற்காக எத்தனை போட்டிகளில் கட்டணம் கட்டித் தோற்றார், எத்தனை பேருக்குப் பங்கு கொடுத்தார் என்பது எங்கேயும் வராது. நூறு பேர் ஆடினால் பணத்தோடு போவது சுமார் பதினைந்து பேர். மெயின் ஈவென்டில் கட்டும் 10,000 டாலரில் 9,300 மட்டுமே பரிசுத் தொகைக்குப் போகிறது. திறமை ஜெயிக்கும் என்று நான் சொல்வதைக் கேட்டு யாராவது பணம் வைத்து ஆடக் கிளம்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும். திறமை இருப்பது அந்த ஆட்டக்காரர்களிடம். நம்மிடம் இல்லை.

முடிவுகளே சந்தேகத்துக்கு ஆளான வருடங்களும் உண்டு. 2024 மெயின் ஈவென்டில் ஜொனதன் டமாயோ ஜெயித்தபோது, பார்வையாளர் பக்கம் அவருடைய நண்பர்கள் லேப்டாப்போடு உட்கார்ந்து ஆலோசனை சொன்னது பெரிய சர்ச்சையானது. 2025இல் இன்னும் மோசம்: மில்லியனேர் மேக்கர் என்ற போட்டியில், ஜெயித்தால் வெளி நிறுவனம் ஒன்றின் தனிப் பரிசாகப் பத்து லட்சம் டாலர் ஒருவருக்குக் கிடைக்கும் நிலைமை. கடைசி இருவரின் ஆட்டம் இயல்பாக இல்லை என்று குரல் எழுந்ததும், பரிசைப் பிரித்துக் கொடுத்துவிட்டு பிரேஸ்லெட்டை யாருக்கும் தராமல் விட்டார்கள். பிரேஸ்லெட் கொடுக்காதது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இனி, திறமையைப் பார்க்க வேண்டுமானால் நான் காட்டும் பட்டியல் ஒன்றுதான். இதே தொடரின் இன்னொரு போட்டியான போக்கர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப். கட்டணம் 50,000 டாலர். வருபவர்கள் நூறு பேர் சொச்சம், பெரும்பாலும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஒரே ஆட்டம் இல்லை. ஹோல்டெம், ஒமாஹா, ஸ்டட் என்று பல வகை போக்கரைச் சுற்றிச் சுற்றி ஆட வேண்டும். ஒன்றில் கெட்டிக்காரனாக இருந்து மற்றதில் ஒளிந்துகொள்ள முடியாது. 2010 முதல் 2025 வரை, தொற்று வருடமான 2020 நீங்கலாக, பதினைந்து தடவை நடந்திருக்கிறது. மைக்கேல் மிஸ்ராக்கி 2010, 2012, 2018, 2025. பிரையன் ராஸ்ட் 2011, 2016, 2023. டான் கேட்ஸ் 2021, 2022. பதினைந்தில் ஒன்பது, மூன்றே பேருக்கு! லாட்டரியில் இப்படி நடக்காது.

2025 கோடையில் மிஸ்ராக்கி அந்த நான்காவது வெற்றியோடு ஊருக்குப் போகவில்லை. மெயின் ஈவென்டிலும் உட்கார்ந்தார். 2010இலும் இதே மாதிரி இரண்டையும் ஆடி, மெயின் ஈவென்டில் ஐந்தாமிடம் வந்தவர். இந்த முறை 9,735 பேர். ஜூலை 16 அன்று கடைசிச் சீட்டு விழுந்தபோது ஒரு கோடி டாலர் அவர் பக்கம் இருந்தது. அடுத்த தேர்வு வரை காத்திருக்கவில்லை. ஜெயித்த கையோடு, அங்கேயே, அவரைச் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் போக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துவிட்டார்கள். அன்று நான் வேலைக்குத் தாமதமாகப் போனேன்.