பிஎஸ்பிடபிள்யூஎம்-க்கு நாமே எழுதும் ஸ்டேட்டஸ் பார்: லூப் வேண்டாம்

கேள்வி இதுதான்: பிஎஸ்பிடபிள்யூஎம் என்ற டைலிங் விண்டோ மேனேஜரில் (விண்டோக்களைத் திரையில் தானே அடுக்கி வைக்கும் லினக்ஸ் புரோகிராம்), எந்த டெஸ்க்டாப்பில் இருக்கிறோம் என்று லெமன்பாரில் (கொடுத்த வரியைத் திரையோரப் பட்டையாகக் காட்டும் சின்ன புரோகிராம்) காட்ட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அரை நொடிக்கு ஒருமுறை லூப் சுற்றுகிறது. டெஸ்க்டாப் மாறினால் பார் சற்றுத் தாமதித்தே மாறுகிறது. லூப்பை வேகமாக்கினால் பேட்டரி இறங்குகிறது. என்ன வழி?

லூப்பையே தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிஎஸ்பிசி (பிஎஸ்பிடபிள்யூஎம்-க்குக் கட்டளை அனுப்பும் புரோகிராம்), கிரெப், கட், டேட் என்று நாலைந்து புரோகிராம்கள் பிறந்து சாகின்றன. பெரும்பாலான சுற்றுகளில் எதுவும் மாறியிருக்காது. ஸ்லீப் நேரத்தைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

'பிஎஸ்பிசி சப்ஸ்கிரைப் ரிப்போர்ட்' என்று டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். அப்போதைய நிலை உடனே ஒரு வரியாக வரும். அப்புறம் ஏதாவது மாறினால்தான் அடுத்த வரி; அதுவரை அந்த புரோகிராம் சும்மா தூங்கும். வரியின் முதல் எழுத்து டபிள்யூ. மற்றவை முக்காற்புள்ளியால் பிரிந்திருக்கும். எம் என்றால் மானிட்டர், ஓ என்றால் விண்டோ இருக்கும் டெஸ்க்டாப், எஃப் என்றால் காலி, யூ என்றால் கவனிக்கச் சொல்லிக் கூப்பிடுவது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் வந்தால் இப்போது ஃபோகஸ் அங்கே. சின்ன எழுத்தில் வந்தால் இல்லை. எழுத்தை ஒட்டியே பெயர் வரும். டெஸ்க்டாப்களுக்குப் பின்னால் லேஅவுட், விண்டோ நிலை, ஃப்ளாக் பற்றிய துண்டுகள். முதலில் அவற்றை விட்டுவிடலாம். முக்காற்புள்ளியில் வெட்டி, முதல் எழுத்தைப் பார்த்து, கேஸ் கட்டளையில் நிறம் கொடுத்தால் வேலை முடிந்தது. டெஸ்க்டாப் பெயருக்குள் முக்காற்புள்ளி மட்டும் வைக்காதீர்கள், வெட்டு தவறிப்போகும்.

சரி, கடிகாரம், பேட்டரி எல்லாம்? இங்கேதான் பலர் திரும்ப லூப்புக்கே போகிறார்கள். அதற்கு எம்கேஃபைஃபோ கட்டளை போட்டு ஒரு பைப் ஃபைல் (ஒரு பக்கம் எழுதுவதை மறுபக்கம் படிக்கலாம்) உருவாக்குங்கள். சப்ஸ்கிரைப் ஒரு பக்கம் அதில் எழுதட்டும். கடிகாரம் தனியாக, அடுத்த நிமிடம் பிறக்கும்வரை தூங்கி, ஒரு வரி எழுதட்டும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அடையாளமாக ஓர் எழுத்து. படிப்பவர் (பாரின் ஸ்கிரிப்ட்) ஒருவர்தான்: வரி வந்ததும் அதற்குரிய மாறியை மட்டும் புதுப்பித்து, முழுப் பாரையும் ஒரே வரியாக லெமன்பாருக்கு அனுப்புவார். பலர் ஒரே நேரத்தில் எழுதினால் குழம்பாதா என்றால், லினக்ஸில் பைப்பில் ஒரே வீச்சில் 4096 பைட்டுக்குள் எழுதினால் வரிகள் ஒன்றுக்குள் ஒன்று கலக்காது. நம் வரி அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

அடுத்தது நிறைய பேரைக் கிறுக்காக்கும் விஷயம். டெர்மினலில் அழகாக ஓடும் ஸ்கிரிப்ட், பைப்பில் செட் (sed) அல்லது கிரெப் போன்ற வரிகளை மாற்றும், வடிகட்டும் புரோகிராமைச் சேர்த்ததும் ஊமையாகிவிடும். டெர்மினலுக்கு எழுதும்போது வரிக்கு வரி அனுப்பும் புரோகிராம்கள், பைப்புக்கு எழுதும்போது ஒரு மூட்டை சேர்ந்த பிறகே அனுப்பும். பார் கெட்டுப்போகவில்லை, மூட்டை இன்னும் நிரம்பவில்லை, அவ்வளவுதான். செட்டுக்கு '-யூ', கிரெப்புக்கு 'லைன் பஃபர்டு', ஜேசன் தரவைப் படிக்கும் ஜேக்யூவுக்கு 'அன்பஃபர்டு' என்று ஆப்ஷன்கள் உண்டு. என்னைக் கேட்டால், இடையில் யாரையும் விடாமல் பாஷின் ரீட், கேஸ், பிரிண்ட்எஃப் மூன்றிலேயே முடிப்பது நல்லது. ஒன்று கவனம்: லெமன்பாரின் நிறக் குறிகள் எல்லாமே சதவீதக் குறியில்தான் தொடங்கும். அதை நேராக பிரிண்ட்எஃப்பின் முதல் வாதமாகக் கொடுத்தால் அது வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளும்.

கிளிக் செய்து டெஸ்க்டாப் மாற, பெயரைச் சுற்றி லெமன்பாரின் ஏ குறியைப் போட்டு உள்ளே கட்டளையைக் கொடுக்கலாம். லெமன்பார் அதைத் தானே ஓட்டாது. அச்சிட மட்டும் செய்யும். அதன் வெளியீட்டை இன்னொரு ஷெல்லுக்கு பைப் செய்ய வேண்டும். இதைத் தெரியாமல்தான் "கிளிக் வேலை செய்யவில்லை" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது.

விண்டோ மேனேஜரை ரீஸ்டார்ட் செய்தால் அதன் கான்ஃபிக் ஸ்கிரிப்ட் மறுபடி ஓடும், பழைய பாருக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று முளைக்கும். தொடக்கத்தில் பழையதைக் கொன்றுவிடுங்கள். ஸ்கிரிப்டில் ஒரு டிராப் (ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடும் கட்டளை) வைத்து, அது போகும்போது தான் தொடங்கிய பிள்ளை புரோகிராம்களையும் கூட்டிக்கொண்டு போகச் செய்யுங்கள்.

ஐ3 என்ற இன்னொரு டைலிங் விண்டோ மேனேஜரை வைத்திருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை. அதனுடன் வரும் ஐ3பார் வொர்க்ஸ்பேஸ் பட்டன்களைத் தானே வரைந்துவிடும், நீங்கள் ஸ்டேட்டஸ் பகுதியை மட்டும் எழுதினால் போதும். வேலேண்ட் என்ற புதிய திரை அமைப்புக்கு மாறும் எண்ணம் இருந்தாலும் இப்போதே யோசியுங்கள்: பிஎஸ்பிடபிள்யூஎம், லெமன்பார் இரண்டும் பழைய அமைப்பான எக்ஸ்11-ஐ நம்பியவை.

டெஸ்க்டாப்களுக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசையிருந்தால் ஒரு சிக்கல்: லெமன்பார் ஒவ்வொரு யூனிகோட் குறியீட்டையும் தனித்தனியே வரைகிறது. கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகள் உடைந்து தெரியும். எழுத்துகளைச் சேர்த்து வரையும் பேங்கோ வழியாக எழுத்துரு கொடுத்தால் ஐ3பாரில் ஒழுங்காக வரும். லெமன்பார்தான் வேண்டுமென்றால் எக்ஸ்எஃப்டி (நவீன எழுத்துருக்களைக் காட்டும் வசதி) சேர்த்த கிளைப் பதிப்பைப் போட்டு, ஒரு தமிழ் எழுத்துருவும் கொடுத்து, அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்துகளையே பெயராக வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரே குறியீடு, உடையாது. பன்னிரண்டு டெஸ்க்டாப்புக்கு மேல் யாருக்குத் தேவை?