சூட்டைத் தாங்கும் பிளேடுகள்: விமான எஞ்சின் குறித்த கேள்வி பதில்

பெங்களூருவில் முப்பது ஆண்டுகள் எஞ்சின் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில், இந்நகரத் தமிழ் அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

புதிய விமானங்களில் எஞ்சினின் வாய் ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது? (அல்சூர் மாணவி)

கொஞ்சம் காற்றை அதிவேகமாகப் பின்னால் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால், அதே உந்துவிசைக்குக் குறைந்த எரிபொருளே செலவாகும். பழைய சிஎஃப்எம்56 எஞ்சினில், நடுப்பகுதிக்குள் புகும் ஒரு பங்கு காற்றுக்கு ஐந்தாறு பங்கு காற்று அதைச் சுற்றியே சென்றுவிடும்; ஏர்பஸ் ஏ320நியோ விமானத்தில் பொருத்தப்படும் லீப் எஞ்சினில் அது 11 பங்கு. எஞ்சின் வாயிலுள்ள விசிறி பெரிதானால் மெதுவாகச் சுழல வேண்டும், பின்னால் சூடான வாயுவால் சுழன்று அதை இயக்கும் டர்பைனோ வேகமாகச் சுழன்றால்தான் திறமையாக வேலை செய்யும் என்பதால், பிராட் அண்ட் விட்னி நிறுவனம் இரண்டுக்கும் நடுவே ஒரு கியரை வைத்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட ரைஸ் என்ற புதிய எஞ்சின் திட்டமோ விசிறியைச் சுற்றியுள்ள உறையையே நீக்கி, எரிபொருளை 20 சதவீதம் குறைக்க முயல்கிறது.

எஞ்சினுக்குள் அத்தனை நெருப்பு இருந்தும் டர்பைன் பிளேடு ஏன் உருகுவதில்லை? (விமானபுரத்து அன்பர்)

என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இது. எரிந்து வெளிவரும் வாயு 1500 டிகிரி செல்சியசுக்கு மேலான சூட்டில், டர்பைனைச் சுற்றியுள்ள இதழ்களில் ஒன்றான பிளேடின்மீது மோதுகிறது. பிளேடு செய்யப்பட்டுள்ள நிக்கல் கலவையோ 1350 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கிவிடும். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பிளேடை விளக்குக்கு நேரே பிடித்தால், அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவுத் துளைகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரிலிருந்து எடுத்த காற்று அத்துளைகள் வழியே வெளிவந்து, பிளேடின்மேல் மெல்லிய போர்வையாகப் படிகிறது. அந்தக் "குளிர்ந்த" காற்றே ஏறத்தாழ 600 டிகிரி சூடாக இருக்கும் என்றால், வெளியே உள்ள சூட்டை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். அதற்கும் மேலே சூட்டைத் தடுக்கும் சிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பூச்சு ஒன்று உண்டு.

இதைவிட வியப்பானது வார்ப்பு முறை. சாதாரண உலோகம் பல்லாயிரம் நுண்ணிய படிக மணிகளால் ஆனது. அவை ஒட்டும் எல்லைகளில்தான் சூட்டில் விரிசல் பிறக்கும். ஆகவே உருகிய உலோகம் நிரம்பிய அச்சை உலையிலிருந்து மிக மெதுவாக இறக்கி, அடியில் உள்ள சுருள் வழியில் ஒரே ஒரு படிகம் மட்டும் போட்டியில் மிஞ்சி மேலே வளரும்படி செய்கிறார்கள். முழுப் பிளேடும் ஒற்றைப் படிகமாகிவிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் இந்தக் கலையைக் கற்று, 2021இல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக விமானங்கள் கட்டும் எச்ஏஎல் நிறுவனத்திடம் 60 பிளேடுகளை ஒப்படைத்ததைப் பெருமையுடன் குறிப்பிடுகிறேன்.

நம் ஊரில் உருவான காவேரி எஞ்சின் ஏன் தேஜஸில் ஏறவில்லை? (சி.வி. ராமன் நகர்)

1989இல் ஒப்புதல் பெற்ற அத்திட்டத்தில் எஞ்சினின் எடை கூடியது, உந்துவிசை இலக்கை எட்டவில்லை; 2008இல் அது தேஜஸ் போர் விமானத் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் இன்றும் அமெரிக்காவின் ஜிஇ எஃப்404 எஞ்சினில்தான் பறக்கிறது. வடிவமைப்பாளர்களிடம் அறிவுக்குக் குறைவில்லை. மேலே சொன்ன ஒற்றைப் படிக உலோகமும், வானில் எஞ்சினைச் சோதிக்கும் வசதியும்தான் அப்போது நம்மிடம் இல்லை. அதனால்தான் 2010இல் காவேரியைச் சுமந்து பறக்க ரஷ்யாவின் ஐஎல்-76 விமானத்தை நாட வேண்டியிருந்தது. 1961இல் இதே நகரில் பறந்த மாருத் போர் விமானமும், தகுந்த எஞ்சின் கிடைக்காமல்தான் தன் முழு வேகத்தை எட்டாமல் போனது. அதே குறை இருமுறை நேர்ந்ததை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

பேட்டரி விமானத்தில் சென்னைக்குப் போக முடியுமா? (இந்திராநகர்)

சிலர் மட்டும் அமரும் சிறிய விமானத்தில் ஒருநாள் முடியலாம். நூற்றைம்பது பேருடன் இப்போதைக்கு முடியாது. ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் கால் கிலோவாட் மணியே உண்டு. எரிபொருள் தீரத் தீர விமானத்தின் எடை குறையும். பேட்டரி தீர்ந்தாலும் அதன் எடை குறையாது.

ஹைட்ரஜனையும் சிலர் கேட்டிருந்தார்கள். எடைக்கு அது சிறந்தது. ஆனால் மைனஸ் 253 டிகிரியில் திரவமாக வைத்திருக்க வேண்டும், நான்கு மடங்கு இடமும் வேண்டும். உடனடியாகப் பயன்படக்கூடியது தாவர எண்ணெய், கழிவு போன்றவற்றிலிருந்து எடுக்கும் எரிபொருளே. 2018இல் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலந்து டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானம் பறந்தது.

என் மகன் எஞ்சின் துறைக்குப் போக விரும்புகிறான், எதைப் படிக்கலாம்? (ஜீவன்பீமா நகர்)

அம்மா, விமானப் பொறியியலை மட்டும் எண்ணாமல் உலோகவியலையும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் படிப்பைத் தேடி வருவோர் குறைவு, எஞ்சின் துறைக்கு அவர்களின் தேவையோ மிக அதிகம்.