கணினி கேள்வி-பதில்: பாதியில் பிடுங்கிய பென்டிரைவ்

கேள்வி: மகளின் காதுகுத்து விழாப் படங்கள் 900-க்கு மேல் லேப்டாப்பின் டி டிரைவில் இருந்தன. இடம் போதவில்லை என்று கட் செய்து பென்டிரைவில் பேஸ்ட் செய்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்னவன் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டான். இப்போது லேப்டாப்பில் 300 படம்தான் இருக்கிறது. பென்டிரைவைச் செருகினால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கிறது. மீட்க முடியுமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: அந்த ஃபார்மட் பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள். 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று கேட்டாலும் இப்போதைக்கு வேண்டாம், அது உடைந்த ஃபைல்களைப் பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிட்டுப் போய்விடலாம். பென்டிரைவைக் கழற்றி வையுங்கள், டி டிரைவில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், சாதாரண ஹார்டு டிஸ்க்கில் அழித்த ஃபைல் உடனே போய்விடுவதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று டிரைவ் வைத்திருக்கும் அட்டவணையில் 'இந்த இடம் காலி' என்று குறித்துவைப்பதோடு சரி. அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை படம் அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) என்றால் நிலைமை வேறு. டிரிம் என்ற ஏற்பாடு காலியான இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடும், அதுவும் சீக்கிரமே துடைத்துவிடும். அப்படியானால் பென்டிரைவில் தேடுவதுதான் வழி.

அழிந்த ஃபைல்களை மீட்கும் மென்பொருள்களில் ரெகூவா பயன்படுத்த எளிது. அதில் கிடைக்காவிட்டால் ஃபோட்டோரெக்; முழுக்க இலவசம், ஃபார்மட் கேட்கும் டிரைவிலிருந்தும் படங்களைத் தோண்டி எடுக்கும், ஆனால் பழைய பெயர்கள் வராது, எழுத்தும் எண்ணுமாக வரும். எதுவானாலும் மென்பொருளை டி டிரைவில் நிறுவாதீர்கள், மீட்ட படங்களையும் அங்கேயோ அதே பென்டிரைவிலோ சேமிக்காதீர்கள், மூன்றாவதாக ஒரு டிரைவ் வேண்டும். பென்டிரைவையே கணினி அடையாளம் காணவில்லை என்றால் நீங்களாக எதுவும் முயலாமல் டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

இனி இப்படி நேராமல் இருக்க ஒன்றே ஒன்று: முக்கியமானதை ஒருபோதும் கட் செய்யாதீர்கள். ஒரே டிரைவுக்குள் கட்-பேஸ்ட் செய்தால் ஃபைல் நகர்வதே இல்லை, அட்டவணையில் முகவரி மட்டும் மாறும், அதனால்தான் 10 ஜிபி ஆனாலும் சட்டென்று முடிகிறது. வேறு டிரைவுக்குப் போகும்போது விண்டோஸ் ஒவ்வொன்றாகக் காப்பி செய்து மூலத்தை அழித்துக்கொண்டே போகிறது, பாதியில் பிடுங்கினால் போனது போனதுதான். பென்டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்க வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் அமைப்புகளுக்கு, விண்டோஸ் கணினியின் உள் டிரைவில் இருக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பு போல நடக்கும் வேலையைக் குறித்துவைத்து மீளும் வசதியும் கிடையாது, அட்டவணையே கெட்டுவிடுகிறது. என் அப்பாவின் குரல் பதிவு ஒன்றை நானே இப்படித்தான் இழந்தேன், இன்றுவரை அந்த வருத்தம் போகவில்லை.

அதனால் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு ஃபோல்டரிலும் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் சைஸும் பைட் வரை ஒன்றா என்று பாருங்கள் (சைஸ் ஆன் டிஸ்க் என்பது டிரைவுக்கு டிரைவ் மாறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்). அப்புறம் பென்டிரைவை முறையாக எஜெக்ட் செய்து, மறுபடி செருகி, நடுவிலும் கடைசியிலும் நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். டெராகாப்பி என்ற காப்பி செய்யும் மென்பொருளில் வெரிஃபை என்று கொடுத்தால் இரு பக்கத்தையும் அதுவே ஒப்பிட்டுவிடும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் மூலத்தில் கை வைக்க வேண்டும், அதுவும் இன்னொரு இடத்தில் ஒரு பிரதி இருந்தால்.

2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து எஜெக்ட் செய்யாமலே கழற்றலாம் என்பார்கள். டிரைவில் எதுவும் எழுதப்படாதபோது மட்டும்தான் அது பொருந்தும். எஜெக்ட் செய்ய மூன்று விநாடிதான் ஆகிறது, செய்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் மலிவாக 2 டிபி பென்டிரைவ் வாங்கினேன். காப்பி எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது, பெயர்களும் தெரிகின்றன, ஆனால் பாதி வீடியோ திறக்கவே இல்லை. (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: அது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோ வைத்துவிட்டு, 2 டிபி என்று கணினியிடம் சொல்லும்படி பென்டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் மேற்கொண்டு வருவது எங்கேயும் பதிவாகாது, அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே விழும். அட்டவணையில் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அப்படிப் போனதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, மூலம் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவ் முழுக்கச் சோதனைத் தகவலை எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லும். பெரிய டிரைவுக்கு மணிக்கணக்காகும், இரவில் ஓட விடுங்கள். புது பென்டிரைவ் வாங்கினால் படங்களை ஏற்றும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், போலி என்று தெரிந்தால் திருப்பி அனுப்பவும் நாள் இருக்கும்.