தக்காளி விதை: பாக்கெட் படத்தை நம்பலாமா?

கேள்வி: மாடியில் பத்து குரோ பேக்கில் தக்காளி வைத்தேன். பூக்கும் முன்பே இலைகள் சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிட்டது. பிப்ரவரியில் விதைத்தது. விதை மோசமா? எந்த ரகம் வாங்கலாம்?

பதில்: முளைப்பில் குறை இல்லை, ரகமும் பருவமும்தான் பொருந்தவில்லை. நீங்கள் சொல்வது இலைச்சுருட்டு வைரஸ். வெள்ளை ஈ பரப்புகிறது. கோடையில் அதன் பெருக்கம் அதிகம். நோய் வந்த செடியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது, பிடுங்கிவிடுங்கள்.

அடுத்த முறை 'அர்கா ரக்ஷக்' வாங்குங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகம். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். காய் கனமாகத் தொங்கும் என்பதால் 15 அங்குலப் பையும் நான்கடிக் குச்சியும் தேவை. தாங்கும் என்றால் நோயே வராது என்று பொருளல்ல. நாற்று 25 நாள் ஆகும்வரை நுண்வலைக்குள் வளருங்கள். இளம் வயதில் வைரஸ் தாக்கினால்தான் இழப்பு பெரிது.

பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 குட்டையான ரகம், பராமரிப்பு எளிது. ஆனால் இலைச்சுருட்டை எதிர்க்கும் திறனை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். நவம்பரில் விதைத்தால் நன்றாக வரும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான தக்காளி ரகங்கள் பூவை உதிர்க்கும். உரம் கொட்டி அதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: படத்தைப் பார்க்காதீர்கள். ரகத்தின் பெயர், குவியல் எண் (Lot No.), சோதனை செய்த தேதி, காலாவதி தேதி, முளைப்புத்திறன் ஆகியவை இருக்க வேண்டும். தக்காளிக்குக் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம். வெறும் 'ஹைப்ரிட் தக்காளி' என்று அச்சிட்டு, ரகப் பெயரே இல்லாத பாக்கெட்டை வாங்கவே வேண்டாம். ஏமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. சந்தேகம் இருந்தால் 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். எட்டு நாளில் 14 முளைக்காவிட்டால், ரசீதோடு கடைக்குப் போய்க் கேளுங்கள். பாக்கெட் உறையைத் தூக்கி எறிந்துவிட்டால் பேச ஆதாரம் இருக்காது.

கேள்வி: அர்கா ரக்ஷக் பழத்திலிருந்து விதை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒட்டு ரகத்தின் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, நோய் எதிர்ப்பு எல்லாச் செடிக்கும் வராது. பி.கே.எம். 1 ஒட்டு ரகம் அல்ல, அதில் தாராளமாக எடுக்கலாம்.