சின்ன ஸ்பீட் போட்டில் போய்த் திமிங்கிலம் பார்க்கலாமா, பெரிய படகுதான் நல்லதா?

முதுகுவலியோ கர்ப்பமோ இல்லையென்றால் சின்னப் படகுதான் என் ஓட்டு. வேகமெடுக்கும்போது அலை தூக்கித் தூக்கிப் போடும், அந்த அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். பின்பக்கம் உட்கார்ந்தால் குலுக்கல் குறைவு. குமட்டல் வருபவர்கள் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பயனில்லை.

சரி, சின்னப் படகில் அப்படி என்ன விசேஷம்? கண் கிட்டத்தட்ட நீர்மட்டத்தில் இருக்கும். இன்ஜினை அணைத்ததும் திமிங்கிலம் மூச்சுவிடும் ‘புஸ்ஸ்’ சத்தம் காதில் விழும். காற்று நம் பக்கம் வீசினால் அந்த மூச்சின் மீன்வாடையும் சேர்ந்தே வரும்! மூச்சுத் தாரை முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து எழுந்தால் அது ஸ்பெர்ம் திமிங்கிலம். அதன் மூச்சுத்துளை தலையின் இடது ஓரத்தில் இருக்கிறது. வாலைத் தூக்கி முங்கிவிட்டால் மறுபடி மேலே வர முக்கால் மணி நேரம்கூட ஆகும்.

அதுவரை பறவைகளைக் கவனியுங்கள். ஆலாக்களும் கடற்காகங்களும் ஓரிடத்தில் கூடிக் கத்திக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தால், கீழிருந்து யாரோ மீன்கூட்டத்தை மேலே விரட்டுகிறார்கள் என்று அர்த்தம். சூரை மீனாக இருக்கலாம், டால்பினாக இருக்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கிலமே. பைனாகுலர் 7 அல்லது 8 மடங்கு போதும். ஆடும் படகில் 10 மடங்கு வைத்தால் காட்சி நிற்கவே நிற்காது.

அப்புறம், கிட்டப் போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். பல நாடுகளில் 100 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. நாம் சும்மா நின்றால் சில சமயம் அதுவே வந்து எட்டிப் பார்க்கும்.