"மைனஸ் 20 வரை தாங்கும்" என்ற ஜாக்கெட்டை நம்பலாமா?

கேள்வி: குளிர்காலத்தில் மலைப்பாதைகளில் நடக்கப் போகிறேன். பகலில் மைனஸ் 3, இரவில் மைனஸ் 10 டிகிரி. நடக்கும்போது வியர்த்துக் கொட்டுகிறது, நின்றதும் நடுக்கம். 400 கிராமுக்குள், பையில் சுருட்டி வைக்கிற ஜாக்கெட் வேண்டும். "90 சதவீத டவுன், மைனஸ் 20 வரை தாங்கும்" என்று சீட்டில் எழுதிய ஒன்றைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? செயற்கை இழை அடைத்த சிந்தெடிக் எடுக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்கிற வறண்ட குளிருக்கு டவுன், அதாவது வாத்தின் மென்தூவி அடைத்த ஜாக்கெட்தான் சரி. ஆனால் அந்தச் சீட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முதலில் "மைனஸ் 20". தூங்கும் பைகளின் வெப்ப அளவைச் சோதிக்க ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலை இருக்கிறது. நடைபயண ஜாக்கெட்டுகளுக்கு அப்படி எல்லோரும் பின்பற்றும் அளவுகோல் கிடையாது. விற்பவர் மனதில் தோன்றியதை அச்சடிக்கலாம், அச்சடிக்கிறார்கள்.

அடுத்து "90 சதவீதம்". உள்ளே இருப்பதில் மென்தூவி எவ்வளவு, தண்டுள்ள இறகு எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது. மொத்தம் எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. வெறும் 50 கிராம் அடைத்துவிட்டும் 90 சதவீதம் என்று எழுதலாம், பொய்யில்லை. நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: ஃபில் பவர், ஃபில் வெயிட். ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பது ஃபில் பவர். ஃபில் வெயிட் என்பது அடைத்த தூவியின் எடை. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 800 ஃபில் பவரில் 60 கிராம் என்றால் 48,000. 650-இல் 120 கிராம் என்றால் 78,000. 800 என்று பெரிதாக எழுதியதுதான் மெலிந்த ஜாக்கெட். உங்களுக்கு 800 ஃபில் பவரில் 100 முதல் 120 கிராம் வரை, தலைமூடியோடு தேவை. துணி 10 அல்லது 20 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) இருந்தால் 400 கிராமுக்குள் முடியும். ஃபில் வெயிட் கேட்டால் மழுப்புகிற கடையிலும், படம் மட்டும் போட்டு விற்கும் இணைய இடைத்தரகரிடமும் வாங்காதீர்கள்.

ஒரே விதிவிலக்கு ஈரம். வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி ஊசலாடி, ஈரப்பனியும் மழையும் மாறி மாறி விழும் இடத்தில், காயவைக்க வழியில்லாமல் மூன்று நான்கு நாள் நடப்பதாக இருந்தால் சிந்தெடிக் எடுங்கள். நனைந்த தூவி கட்டிதட்டி ஒட்டிக்கொள்ளும், உப்பல் போனால் கதகதப்பும் போச்சு. சிந்தெடிக் நனைந்தாலும் ஓரளவு உப்பியிருக்கும், உடம்புச் சூட்டிலேயே மெல்லக் காயும். நீர் விலக்கும் பூச்சு பூசிய டவுன் இருக்கிறதே என்பார்கள். அந்தப் பூச்சு நனைவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஆனால் சிந்தெடிக்கை அடிக்கடி அமுக்கி வைத்தால் சில பருவங்களில் உப்பல் நிரந்தரமாகக் குறையும். அதே சூட்டுக்கு எடையும் கூடும். மைனஸ் 3-க்குக் கீழே உலர்ந்த பனியில் நடக்கிறவருக்கு அந்தச் சுமை வேண்டாம்.

உங்கள் நடுக்கத்துக்குக் காரணம் ஜாக்கெட் அல்ல, வியர்வை. டவுனைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். மெல்லிய ஃப்லீஸ் (கம்பளி போன்ற செயற்கைத் துணி), அதற்கு மேல் காற்றுத் தடுப்பு மேலுறை, அவ்வளவுதான். ஏற்றத்தில் முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். நின்ற உடனே, உடம்பு ஆறுவதற்கு முன்பே, டவுனை எல்லாவற்றுக்கும் மேலே மாட்டுங்கள். அதனால் அதைப் பையின் அடியில் திணிக்காமல் மேலேயே வையுங்கள். வீட்டில் சுருட்டி வைக்காமல் தொங்கவிடுங்கள்.

வாங்கும்போது அந்தக் காற்றுத் தடுப்பு மேலுறையைப் போட்டுக்கொண்டே மாட்டிப் பாருங்கள். கையை உயர்த்தினால் இடுப்பு தெரிகிறதா? அடுத்த அளவு எடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தையல் அறைகளில் தூவி இல்லாத வெற்றிடம் தெரியும், தோள்பட்டையில் அது இருந்தால் வேண்டாம். விரலால் நெருடும்போது தண்டு தண்டாகக் குத்தினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சீட்டில் 90 என்ன, 95 என்று எழுதியிருந்தாலும்.